குறிப்பில் இல்லாத வரி

சொல்லிவிட வேண்டும், முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், கேள்வியைத் தொடங்கிவிட்டால் நான் நிருபராகிவிடுவேன், நிருபராகிவிட்டால் அப்புறம் வாய் வராது என்று பேருந்தில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். இப்போது எனக்கு முன்னால் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான்கு பேர் முடியும் வரை நேரம் இருக்கிறது என்று ஒரு நிம்மதி வந்தது. அது வந்த வேகம் கூச்சமாக இருந்தது. இந்தக் கட்டடம் முன்பு பால் சொசைட்டியாக இருந்ததாம். சுவரில் இன்னும் புளித்த வாடை இருக்கிறது. கேன்கள் அடுக்கியிருந்த உள்ளறையில் இப்போது பதினோராவது வார்டு உறுப்பினர் பூரணி காலை பத்திலிருந்து ஒரு மணி வரை ஆட்களைப் பார்க்கிறார். நூற்றுப் பதினேழு வாக்கு வித்தியாசம். எங்கள் மாவட்டத்தில் பேரூராட்சிக்குத் தேர்வான முதல் திருநங்கை. அந்த 'முதல்' என்ற சொல்லுக்காகத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் அவர்களை எழுதுவதே திருவிழாவுக்கு, இல்லாவிட்டால் வழக்குக்கு. இப்போது சில வருடங்களாக இந்த 'முதல்' சேர்ந்திருக்கிறது. இரண்டாவதாக வருகிறவரை யாரும் எழுதப்போவதில்லை. மடியில் இருக்கும் ஃபைலில் பதினோரு கேள்விகள் இருக்கின்றன, ஆசிரியர் பிரிவிலேயே அடித்துக் கொடுத்தது. எப்போது உணர்ந்தீர்கள், வீட்டில் ஏற்றுக்கொண்டார்களா, அறுவை சிகிச்சை, காதல், சமுதாயத்துக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள். சாக்கடை பற்றி ஒன்றுகூட இல்லை. பேட்டிக்குப் போவதற்கு முன் அந்த ஆளைப் பற்றி வந்ததையெல்லாம் படித்துவிட்டுப் போவது என் பழக்கம், முப்பத்து நான்கு வருடப் பழக்கம், அந்தப் பழக்கம்தான் நேற்று என்னை மாட்டிவிட்டது. ஒரு வார இதழில் தேர்தலுக்கு முன் அவர் கொடுத்த பேட்டி. அதில் இப்படி இருந்தது: 'பொய் வழக்கில் எங்களைப் பிடித்துப் போனபோது என் பழைய பெயர், அப்பா பெயர், வீதி எல்லாம் பேப்பரில் வந்துவிட்டது. அதைக் கொடுத்தது என்னை மகளாக ஏற்றுக்கொண்ட செவ்வந்தியம்மாதான். நான் வீடு திரும்பிவிடக் கூடாது என்று அப்படிச் செய்தார். பத்தொன்பது வருடமாக அவரோடு எனக்குப் பேச்சில்லை.' படித்ததும் என் கண் முதலில் தேடியது எங்கள் பத்திரிகையின் பெயரை. அது இல்லை. இல்லை என்று தெரிந்த பிறகுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. வரிசை அப்படித்தான் இருந்தது. அதை மாற்றிச் சொல்ல முடியாது.

செவ்வந்தியம்மா கொடுத்தது என்னிடம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மறைத்ததாகவும் நினைத்ததில்லை, ஏனென்றால் அதை ஒரு விஷயமாகவே வைத்திருக்கவில்லை. அன்றைக்கு நகரக் காவல் நிலையத்துக்கு வழக்கம்போலக் காலை பதினோரு மணிக்குப் போனேன். ஏழு பேரைக் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார்கள். பேருந்து நிலையத்தில் பயணிகளுக்கு இடையூறு என்று ரைட்டர் எழுதிக்கொண்டிருந்தார். ஏழு பேரில் ஒருத்தி கழுத்தில் அளவு நாடா தொங்கியது. தையல் கடையிலிருந்து அப்படியே ஏற்றி வந்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே புரிந்தது; பேருந்து நிலையத்தில் யாரும் நாடா போட்டுக்கொண்டு நிற்பதில்லை. பார்த்தேன், எழுதவில்லை. காவல் நிலையம் கொடுப்பதுதான் செய்தி, நாம் பார்த்தது செய்தி அல்ல என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த ஏழு பேருமே தங்கள் முகவரியாகச் செவ்வந்தியம்மா வீட்டைத்தான் கொடுத்தார்கள், அப்பா பெயர் கேட்டபோது வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். நாடாக்காரியை ரைட்டர் மேசைக்குக் கூப்பிட்ட நேரம் பார்த்து, அவர்கள் பின்னாலேயே வந்திருந்த செவ்வந்தியம்மா ஜன்னல் ஓரமாக வந்தார். இடது கையில் கட்டுப் போட்டிருந்தது. 'தம்பி, பேப்பர்ல இருக்கற தம்பிதானுங்களே? ஒரு ஒதவி பண்ணோணும். இந்தப் புள்ள எங்கிட்ட வந்து நாலு மாசந்தான் ஆவுது. அவங்கப்பன் நல்ல மனுசன். நீங்க போயி ஒரு வார்த்த சொன்னா ஜாமீனுக்கு ஓடியாந்துருவாரு. பேரு சென்னியப்பன், கோட்டைமுனியப்பன் கோயில் வீதி, தறிக்கொட்டாய்க்கு எதுத்த வூடு. இந்தப் பேரச் சொன்னாத்தான் அங்க தெரியும்' என்று பூரணியின் பழைய பெயரையும் சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அன்றைக்கு எழுதினேன். நோட்டைத் திறந்து, மூன்றையும் எழுதி, 'சரிங்க, சொல்லிடறேன்' என்றேன். அவர் என்னைக் கும்பிட்டார். கட்டுப் போட்ட கையையும் தூக்கிச் சேர்த்துக் கும்பிட்டார். போவதாகத்தான் இருந்தேன். அந்த வீதி அலுவலகத்துக்குப் போகும் வழியில்தான், வண்டியைத் திருப்பினால் ஐந்து நிமிடம். மாவட்டப் பக்கம் நான்கு மணிக்கு முடிகிறது, எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். இப்படி நினைத்தேன் என்பதற்கு என் வார்த்தையைத் தவிர ஆதாரம் எதுவும் இல்லை. அந்த வார்த்தையை வேறு யாராவது என்னிடம் கொண்டுவந்திருந்தால் நானே போட்டிருக்க மாட்டேன்.

'ஏனுங்க, நீங்க எந்த வீதி?' பக்கத்து நாற்காலி அம்மாள் கேட்டார். கையில் மனு, அதற்கு மேல் ஒரு மஞ்சள் பை, பைக்குள் முருங்கைக்கீரை. நான் பேப்பரிலிருந்து வருகிறேன் என்றேன். 'பேப்பருங்களா? எங்க வீதில சாக்கட ரெண்டு மாசமா நிக்குது. வந்து ஒருக்கா மோந்து பாத்துட்டுப் போயி எழுதுங்க.' அந்தப் பக்கம் இருந்த பெரியவர் சிரித்தார். 'சரோசா, அவரு சாக்கடையப் பாக்க வர்லீங்காட்டி. நம்ம மெம்பரப் போட்டோ புடிக்க வந்திருக்காரு.' 'மெம்பரப் போட்டோல என்னத்தப் பாக்கறது? வாய்க்கால்ல எறங்கி நின்னு தூர் வார வெச்சாங்களே அன்னைக்கு வந்திருக்கோணும் நீங்க. பாவாடையத் தூக்கிச் சொருகிக்கிட்டு நின்னாங்க. கான்ட்ராக்டரு மூஞ்சி அப்படியே சுண்டிப்போச்சு.' பெரியவர் விடவில்லை. 'நீ அவங்களுக்கு ஓட்டே போடுல, இப்ப என்ன பேச்சு பேசற.' 'போடுலதான். எம் மச்சான் நின்னான், அவனுக்குப் போட்டேன். அதுக்காவ சாக்கட நவுருமா?' எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரிக்கும்போதே இதைக் கட்டுரையின் நடுவில் வைக்கலாம் என்று தோன்றியது. கை பேனாவைத் தேடியது. எடுக்காமல் நிறுத்தினேன். என்னிடம் யார் எதைச் சொன்னாலும் அது எனக்குச் சொன்னது அல்ல, பத்திரிகைக்குச் சொன்னது. இப்படித்தான் பழகியிருக்கிறேன். என் மகள் முதல் தடவை வேலையை விட்டபோது அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தவன், இடையில் இது ஞாயிறு மலருக்கு ஆகும் என்று நினைத்தேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள். 'அப்பா, எழுதாதீங்க' என்றாள். எழுதவில்லை. மகள் என்பதால் எழுதவில்லை. நோட்டில் ஏறியதெல்லாம் பத்திரிகைக்கு என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை. அங்கே ஒரு தகப்பனுக்குப் போய்ச்சேர வேண்டிய தகவலும் ஏறும் என்று யாரும் நினைக்கவில்லை. யாரும் என்றால் நான்.

அன்றைக்குச் சாயங்காலம் மூன்றே முக்காலுக்கு வைத்தியலிங்கம் சார் என் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தார். மாவட்டப் பக்கம் அவர் பொறுப்பு. குற்றச் செய்தி என்றால் பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வயது, அப்பா பெயர், வீதி. இந்த நான்கும் இல்லாத செய்தியை அவர் கால் ஒடிந்த செய்தி என்பார். 'என்னய்யா, ஏழு பேருக்கும் ஒரே வீட்டு முகவரி? இது கைதா, கூட்டுக் குடும்பமா?' மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். 'ஒருத்தனுக்காவது அப்பன் பேரு, வீதி வேணும். இல்லாட்டி ஸ்டேஷன் வாசல் மிதிக்காம டீக்கடையில உக்காந்து எழுதினான்னு நெனப்பான் வாசகன்.' அப்போது நான் சொன்னேன், 'இருக்கு சார்.' பத்தொன்பது வருடமாக இல்லாமல் நேற்று இரவிலிருந்து அந்த இரண்டு வார்த்தைதான் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. தயங்கிச் சொல்லியிருந்தால், மிரட்டி வாங்கினார்கள் என்றால், மறதியாகச் சேர்த்தேன் என்றால் ஏதோ ஒரு மூலையில் ஒதுங்கலாம். அப்படி இல்லை. வகுப்பில் கையைத் தூக்குகிற பிள்ளை மாதிரி சொன்னேன். நோட்டைப் புரட்டி வாசித்துக் காட்டினேன். அவர் தலையாட்டினார். மறுநாள் மற்றப் பத்திரிகைகளில் நான்கு வரி வெறும் பெயர்களோடு வந்தது, எங்களுடையதில் மட்டும் முழு விவரம். 'பாத்தீங்களா, நாச்சிமுத்து கொண்டாந்ததுதான் செய்தி' என்று அவர் நான்கு பேர் முன்னால் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த வீதிக்குப் போய்ச் சொல்ல வேண்டியது நினைவுக்கு வந்ததா, வந்து தள்ளினேனா, வரவே இல்லையா, அது மட்டும் நினைவில்லை. பிறகு நடந்ததை நேற்றுத்தான் வார இதழில் படித்தேன். மூன்றாம் நாள் ஜாமீனில் வெளியே வந்த பூரணி நேராக அந்த வீதிக்குப் போயிருக்கிறார். வீடு பூட்டியிருந்தது. எதிர்த் தறிக்கொட்டாயில் யாரோ பேப்பரைச் சத்தமாகப் படித்தார்களாம், சென்னியப்பன் தறியை நிறுத்திவிட்டு எழுந்து போனவர் மறுநாள் விடிவதற்குள் குடும்பத்தோடு பல்லடம் பக்கம் போய்விட்டாராம். மகள் பிறகு அவரைப் பார்க்கவே இல்லை. இறந்த செய்தி ஒரு வருடம் கழித்து வந்திருக்கிறது. நான் எழுதியது பதினான்கு வரி. பெயர் போடாத செய்தி, ஆகவே எழுதியவன் என்று யாரும் இல்லை. 'ஒரு தவறு நடந்துவிட்டது' என்று ஆரம்பிக்கலாமா என்று பேருந்தில் யோசித்தேன். 'அந்தக் காலத்துப் பத்திரிகை நடைமுறை' என்று ஆரம்பிக்கலாமா. அப்போது அவர்களை நாங்கள் எழுதிய சொல்லே வேறு, 'பெண் வேடமிட்ட ஆண்கள்' என்றுதான் எழுதினோம், இப்போது திருநங்கை என்று எழுதுகிறோம், மாறியிருக்கிறோம் என்று சொல்லலாமா. சொல் மாறியதைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கிறேன். சொல்லாமலே போனால் என்ன? பதினோரு கேள்வி, ஒரு புகைப்படம், வணக்கம். யாருக்குத் தெரியும்? செவ்வந்தியம்மாவுக்குத் தெரியும். ஒரு பேப்பர்காரனிடம் தகவல் சொல்லச் சொன்னேன் என்று அவர் சொல்லியிருப்பார். அப்படி ஒருவன் இருந்ததாக யார் நம்புவார்கள்? அவர் சொன்னது உண்மை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

'சார், நீங்க வாங்க' என்று குரல் வந்தது. பெரியவர் கும்பிட்டுக்கொண்டே வெளியே வந்தார். சரோசாவுக்கு முன்னால் என்னைக் கூப்பிடுகிறார்களே என்று ஒரு சாக்கு கிடைத்தது. 'இவங்க முதல்ல போகட்டுங்க' என்றேன். 'அய்ய, போங்க சார், எனக்கு உள்ள போனா அரமணி நேரம் சண்ட இருக்குது' என்றார் சரோசா. போனேன். பூரணிக்கு நாற்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டிருந்தார். மேசை முழுக்க மனுக்கள், ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு செங்கல் துண்டு. 'டீ சொல்லட்டுங்களா?' வேண்டாம் என்றேன். இப்போது சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். 'உங்க வார்டுல முதல்ல என்ன செய்யப்போறீங்க?' என்று கேட்டுவிட்டேன். ஃபைலில் இல்லாத கேள்வி, நல்ல கேள்வி, அதனால் இன்னும் மோசம். அவர் வாய்க்கால் பற்றிச் சொன்னார், குழாய் பதிக்காமலே பதித்ததாகக் காட்டிய இடத்தைச் சொன்னார், நான் எழுதிக்கொண்டே போனேன், கை தானாக ஓடியது, நிம்மதியாகவே இருந்தது, இப்படியே ஒரு மணி ஆகிவிட்டால் போதும் என்றிருந்தது. அவரே நிறுத்தினார். 'சரி சார், அடுத்தது எப்ப உணர்ந்தீங்கன்னு கேப்பீங்க. கேளுங்க, பழகிப்போச்சு. ஆனா அப்பாவப் பத்திக் கேக்காதீங்க. அது ஏற்கனவே பேப்பர்ல வந்துருச்சு.' சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் பேனாவை மூடினேன். 'செவ்வந்தியம்மா சொன்னது எங்கிட்டங்க' என்றேன். அவருக்குப் புரியவில்லை. 'அன்னைக்கு ஸ்டேஷன்ல. உங்க அப்பாகிட்டப் போயி ஜாமீனுக்கு வரச் சொல்லுங்கன்னுதான் சொன்னாங்க. நான் போகல. செய்தில போட்டுட்டேன். எழுதினது நான்.'

தலையிலிருந்த கண்ணாடியை எடுத்து மனுக்களின் மேல் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் எதிர்பார்த்தேன். அவர் கேள்வி கேட்டார். எத்தனை மணி? எங்கே நின்று சொன்னார்? 'அப்ப நான் எங்க இருந்தேன்?' பதினொன்றரை இருக்கும், ஜன்னல் ஓரம், உங்களை ரைட்டர் மேசைக்குக் கூப்பிட்டிருந்தார்கள் என்றேன். 'அம்மா எப்படி இருந்தாங்க?' 'எடது கையில கட்டு.' வெளியே சரோசா யாரிடமோ கீரை விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார். 'எங்கள வேன்ல ஏத்தறப்ப அம்மா கை கதவுல மாட்டிக்கிச்சு' என்றார் பூரணி. 'ஸ்டேஷன்லயே துணியக் கிழிச்சு நாந்தான் கட்டுனேன்.' பிறகு, 'தலைல கை வெச்சுச் சத்தியம் பண்ணாங்க. ஒரு பேப்பர் தம்பிகிட்ட வூட்டுக்குச் சொல்லச் சொன்னேன், அவ்வளவுதான் சாமின்னாங்க. அதுக்கு நான் என்ன பேசுனேன்னு...' மீதியை நான் கேட்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, 'நான் எழுதறேங்க. என் பேரு போட்டு, நடந்தத நடந்தபடி எழுதறேன், ஆசிரியர்கிட்டப் பேசறேன்' என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலைப்பு வந்துவிட்டது. முதல் வாக்கியமும் வந்துவிட்டது, நல்ல வாக்கியம். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'எழுதுனா நல்லா வரும் சார். படிச்சவங்க உங்களுக்கு லெட்டர் போடுவாங்க. வேண்டாங்க. எங்கம்மா பேரு பேப்பர்ல வேண்டாம், எங்க அப்பா பேரும் இன்னொருக்கா வேண்டாம். நேர்ல வந்து அவங்ககிட்டச் சொல்லுங்க. எங்கிட்டச் சொன்ன மாதிரியே. நான் போகல, போட்டுட்டேன், அத மட்டும்.' செவ்வந்தியம்மா எங்கே இருக்கிறார் என்று தெரியுமா என்று கேட்டேன். 'தெரியாம இருந்ததே இல்லீங்க' என்றார். 'சரோசாக்காவப் பாத்துட்டு வர்றேன். வெளிய உக்காருங்க.'

உட்கார்ந்தேன். உள்ளே சண்டை தொடங்கியது, வாய்க்கால், மதகு, கான்ட்ராக்டர், இவர் குரல் அவர் குரலுக்கு மேலே ஏறியது, அரைமணி நேரத்துக்கு முன் எதுவும் நடக்காதது போலத்தான் இருந்தது. எதிரே பேருந்து வந்து நின்றது. எங்கள் ஊர் வண்டி. நடத்துநர் இறங்கி டீ குடிக்கப் போனார். ஏறி உட்கார்ந்துவிட்டால் முக்கால் மணி நேரத்தில் அலுவலகம். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி அவர்களுக்குள் பேசிக்கொள்ளலாம், நான் எதற்கு நடுவில். இந்த யோசனை நியாயமானதாகவே தோன்றியது. வயதான அம்மாள், அதிர்ச்சி தாங்குவாரோ என்றுகூடத் தோன்றியது. அவர் மேல் எனக்கு இவ்வளவு அக்கறை இதற்கு முன் வந்ததில்லை. எழுந்தேன். நாற்காலி தரையில் இழுபட்ட சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. நடத்துநர் டம்ளரை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார், என்னைப் பார்த்து, 'வர்றீங்களா?' என்று தலையை ஆட்டினார். இல்லை என்று கையைக் காட்டினேன். வண்டி போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தேன்.

பூரணி ஸ்கூட்டரை எடுத்தார். பின்னால் ஏறினேன். சேலை முந்தானை சக்கரத்தில் பட்டுவிடாமல் இழுத்துச் சொருகிக்கொண்டார். கடைவீதி வழியாகப் போனோம். காய்கறிக்கடைக்காரர், 'மெம்பரு, யாருங்க பின்னால, மாப்பிள்ளைங்களா?' என்று கத்தினார். 'உனக்கு மாமனாருடா' என்று இவர் திருப்பிக் கத்தினார், நாலு கடை சிரித்தது. நானும் சிரிக்க முயன்றேன். என் காது சூடானது தெரிந்தது. அவர் யார் என்பது எனக்குத் தெரியும், எழுதத் தெரியும், மரியாதையான சொற்களில் எழுதத் தெரியும். அவர் பின்னால் உட்கார்ந்து கடைவீதியில் போவது மட்டும் தெரியவில்லை. முப்பது கிலோமீட்டர் தள்ளி என்னை யாருக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டேன். அப்படியும் எங்கள் பத்திரிகை ஏஜென்ட் கடை இங்கேதானே, பலகை மாட்டியிருக்குமே என்று கண் தேடியது, பலகையும் தெரிந்தது, வாசலில் ஏஜென்ட் யாரோடோ பேசிக்கொண்டு நின்றார். நான் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் நினைத்தேன். கடை தாண்டி, பாலம் ஏறும் இடத்தில் வண்டி மெதுவானது. ஸ்கூட்டர் கண்ணாடியில் அவர் கண்கள் தெரிந்தன.

'சார், மூஞ்சில வெயில் அடிக்குதுங்களா? சீட்டுக்கடியில ஹெல்மெட் இருக்குது. வேணும்னா நிறுத்தறேன், போட்டுக்குங்க.'

அப்போதுதான் கவனித்தேன், பதினோரு கேள்விகள் இருந்த ஃபைலை உயர்த்திக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தேன்.

'வேண்டாங்க' என்றேன். ஃபைலை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். வெயில் என் முதுகில்தான் அடித்துக்கொண்டிருந்தது.